தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையைச் சேர்ந்த தமிழ் இசைக்குழு. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து 2017ல் இக்குழுவை உருவாக்கின. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் இதன் முதல் நிகழ்ச்சி நடந்தது. வட சென்னையின் கானாவையும் பறை, சட்டி, கட்டமோளம் போன்ற தோற்கருவிகளையும் ராக், ராப் இசையோடு இணைத்து, சாதி எதிர்ப்பை நேரடியான பாடுபொருளாகக் கொண்ட குழு இது. தமிழில் திரைப்படத்துக்கு வெளியே இயங்கும் தனியிசை பற்றிய எந்தப் பேச்சிலும் இக்குழுவின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது.

பெயர்

'சாதியற்றவர்களின் கூட்டு' என்று பொருள்படும் இப்பெயர் ஆங்கிலமாக இருந்தாலும் இதன் மூலம் தமிழ்ச் சிந்தனையில்தான் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்கப் பயன்படுத்திய சாதிபேதமற்றவர் என்ற கருத்திலிருந்து இது எடுக்கப்பட்டது. பஞ்சமர் என்றும் பறையர் என்றும் பிறர் சூட்டிய பெயர்களை ஏற்காமல், சாதிபேதமற்ற திராவிடர், சாதிபேதமற்ற தமிழர் என்று தம் மக்கள் தம்மை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1907ல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கி நடத்தியவர் அவர். அவருடைய எழுத்துகள் நெடுங்காலம் பரவலான கவனம் பெறாமல் கிடந்து, 1990களுக்குப் பின் மீண்டும் பதிப்பிக்கப்பட்டு வாசிக்கப்பட்டன. நூறாண்டுக்கு முந்தைய அந்தச் சொல்லாட்சி ஒரு இசைக்குழுவின் பெயராகி, கல்லூரி மாணவர்களின் கைப்பேசிகளுக்குள் நுழைந்தது என்பது சிறிய செய்தி அல்ல.

கானா: பின்புலம்

இக்குழுவைப் புரிந்துகொள்ளக் கானாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கானா வட சென்னையின் உழைக்கும் மக்கள், குறிப்பாகத் தலித் மக்கள் வாழும் பகுதிகளில் வளர்ந்த பாடல் வடிவம். சாவு வீட்டில் இரவு முழுக்க விழித்திருப்பவர்களுக்காகவும், கருமாதி, நினைவு நாள் போன்ற நாட்களிலும் பாடப்படுவது. இறந்தவரின் பெயர், அவர் செய்த தொழில், அவருடைய நட்பு, குறும்பு, விட்டுச்சென்ற குடும்பம் எல்லாம் அந்த இடத்திலேயே கட்டப்படும் பாட்டில் வந்துவிடும். இது மரண கானா எனப்படுகிறது. காதல், கிண்டல், சிறை வாழ்க்கை, ஊர் நடப்பு, தத்துவம் என்று வேறு பல வகைகளும் உண்டு. ஆலாபனையை நினைவூட்டும் நீண்ட தொகையறாவில் தொடங்கி, திடீரென்று தாளத்தில் இறங்குவது கானாவின் அடையாளம். துணைக்கு டோலக், டேப், சில இடங்களில் புல்புல் தாரா. தட்டச்சுப் பொறி போன்ற பொத்தான்களை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் கம்பிகளை மீட்டும் கருவி அது. பியானோ வாங்கவும் வைக்கவும் இடமில்லாத தெருக்களுக்குக் கிடைத்த விசைப்பலகை என்று அதைச் சொல்லலாம்.

திரைப்படம் கானாவை வேண்டியபோது எடுத்துக்கொண்டது. 1990களில் தேவாவின் இசையில் வந்த பாடல்கள் அதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசென்றன. 2006ல் வெளிவந்த 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன்களின் திருமணப் பாட்டு பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. ரஞ்சித்தின் 'அட்டகத்தி' (2012), 'மெட்ராஸ்' (2014) படங்களில் கானா பாலா பாடினார். 'மெட்ராஸ்' படத்தில் நாயகனின் நண்பன் கொல்லப்பட்ட பின் வரும் பாடல், மரண கானாவை அதற்குரிய இடத்திலேயே வைத்துக் காட்டியது. ஆனால் பொதுவாகப் படங்களில் கானா என்றால் குடித்துவிட்டு ஆடும் பாட்டு, பெண்ணைக் கேலி செய்யும் பாட்டு என்ற நிலையே இருந்தது. அதைப் பாடும் மக்களின் அரசியலுக்கு அங்கே இடம் இருக்கவில்லை.

தோற்றம்

டென்மா அதற்கு முன் கவிஞரும் பாடகருமான கபேர் வாசுகியுடன் 'குரங்கன்' என்ற குழுவில் இயங்கியவர். சென்னையின் தனியிசைக் கலைஞர்களுக்கு மேடை அமைத்துத் தரும் முயற்சிகளிலும் ஈடுபட்டிருந்தார். ரஞ்சித்துக்கு இருந்த எண்ணம், அரசியலைப் பாடும் ஒரு குழு வேண்டும் என்பது. இருவரும் சேர்ந்து பாடகர்களையும் கருவியிசைக் கலைஞர்களையும் தேடி, தேர்வு நடத்தி, 19 பேரைக் கொண்ட குழுவை அமைத்தனர்.

முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து, இசைவாணி ஆகியோர் கானா மரபிலிருந்து வந்த பாடகர்கள். அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு கவிதையிலிருந்தும் ராப்பிலிருந்தும் வந்தவர். சட்டி, கட்டமோளம், பறை, தவில் வாசிப்பவர்கள் ஒரு பக்கம்; டிரம்ஸ், கிட்டார் வாசிப்பவர்கள் மறுபக்கம். இசைவாணி மட்டுமே பெண். கானா ஏறக்குறைய முழுவதும் ஆண்களின் களமாக இருந்தது. இரவில் சாவு வீட்டில் பாடச் செல்வது பெண்ணுக்கு எளிதல்ல என்பது ஒரு காரணம். அந்தக் களத்தில் தம் குரலால் நின்றவர் என்பதற்காக, 2020ஆம் ஆண்டின் 100 பெண்கள் பட்டியலில் பிபிசி அவரைச் சேர்த்தது.

குழு உருவான 2017, தமிழ்நாட்டில் போராட்டங்கள் நிறைந்த ஆண்டு. ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்கான பெருந்திரள். மே மாதத்தில் கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் மத்திய அரசின் விதிகளும், அவற்றுக்கு எதிரான போராட்டங்களும். அதே ஆண்டு திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் மலக்குழி மரணங்களைப் பேசுபொருளாக்கியது. செப்டம்பரில் மாணவி அனிதாவின் மரணத்தை ஒட்டி நீட் எதிர்ப்பு வெடித்தது. இந்த விவாதங்களின் சூட்டில்தான் குழு தன் பாடல்களை எழுதி ஒத்திகை பார்த்தது.

முதல் நிகழ்ச்சி

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் நடந்த நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மாதம் மார்கழி. நகரின் சபாக்களில் இசை விழா நடந்துகொண்டிருந்த காலம் அது. குழுவினர் கோட்டும் சூட்டும் அணிந்து மேடையேறினர். அம்பேத்கர் சிலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உடையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. சட்டியும் பறையும் அடிப்பவர்களைச் சட்டை இல்லாமல் அல்லது வேட்டியை மடித்துக் கட்டியபடியே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது ஒரு திருத்தமாகவும் இருந்தது.

ஒலியமைப்பு

மேற்கத்திய ராக் இசையில் கிட்டார்தான் வழக்கமாக முன்னால் நிற்கும். அந்த வழக்கத்தை மாற்றிய குழுக்கள் அங்கும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1990களில் இயங்கிய பென் ஃபோல்ட்ஸ் ஃபைவ், கிட்டாரே இல்லாமல் பியானோ, பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு மாற்று ராக் இசையில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்தது. (பெயரில் ஐந்து இருந்தாலும் ஆட்கள் மூவர்தான்.) எந்தக் கருவி முன்னால் நிற்கிறது என்பதே ஒரு குழுவின் குணத்தைத் தீர்மானித்துவிடுகிறது. காஸ்ட்லெஸ் கலெக்டிவில் முன்னால் நிற்பவை சட்டியும் பறையும். கிட்டார் அவற்றின் பின்னால், அவை விட்டுத்தரும் இடைவெளிகளை நிரப்புகிறது.

இது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். சாவுக்குத்து பெரும்பாலும் திஸ்ர நடையில், மூன்றின் கணக்கில் உருள்வது. ராப்பின் தாளம் நான்கின் கணக்கில் நடப்பது. கானா பாடகர் தன் குரலுக்கு எது வசதியோ அந்தச் சுருதியில் எடுப்பார். உணர்ச்சிக்கேற்ப வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். சுருதி கட்டிய கிட்டாரும் பேஸும் சேர்ந்தால் அந்தச் சுதந்திரத்தை ஓரளவு விட்டுக்கொடுக்க வேண்டும். ஒலிவாங்கி தேவையில்லாமல் தெரு முழுக்கக் கேட்பதற்காகவே உருவான சட்டியின் கூர்மையான ஓசை, கலவையில் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடக்கூடியது. குழுவின் நல்ல பாடல்களில் இந்த இரு தரப்பும் மாறி மாறி விட்டுக்கொடுக்கின்றன: தொகையறாவில் கருவிகள் அடங்கிக் குரல் தனியே நிற்கும்; பிறகு தோற்கருவிகள் திறந்துகொள்ளும்; அதன் உச்சியில் ராப் ஏறி உட்காரும். எல்லாப் பாடல்களிலும் இது கைகூடியது என்று சொல்ல முடியாது. சிலவற்றில் ராக் பகுதி ஒட்டவைத்ததுபோல் தனியே நிற்கிறது.

பாடல்கள்

இடஒதுக்கீட்டைப் பற்றிய 'கோட்டா' பாடல் குழுவை அதிகம் பேருக்கு அறிமுகப்படுத்தியது. கட்டுரைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் புள்ளிவிவரங்களோடு பேசப்படும் பொருளை, தெருமுனையில் நண்பனிடம் கேட்கும் கேள்விபோல் அது கேட்டது. இடஒதுக்கீட்டால் தகுதி குறைகிறது என்பவரிடம், அந்தத் தகுதி உனக்கு எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்பதுதான் பாட்டின் அடிப்படை. கோபம் இருக்கிறது, ஆனால் கானாவுக்கே உரிய கிண்டல் அதை ஏந்திச் செல்கிறது. பிரச்சாரப் பாடல்களில் அரிதாகக் கிடைக்கும் சிரிப்பு இதில் உண்டு.

மாட்டுக்கறியைப் பற்றிய பாடல் உணவு உரிமையைப் பேசுகிறது. 2017ஆம் ஆண்டின் கால்நடைச் சந்தை விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலமாக நிறுத்திவைத்த செய்தி நினைவில் இருந்தவர்களுக்கு அப்பாடலின் பின்னணி உடனே புரிந்தது. 'ஜெய்பீம் ஆன்தம்' அம்பேத்கரைப் போற்றுவது. 'வட சென்னை' பாடல், ரவுடிகளின் இடம் என்று திரைப்படங்கள் வரைந்த பகுதியை உழைப்பின் இடமாக, குத்துச்சண்டையும் கால்பந்தும் கேரமும் விளையாடப்படும் இடமாகப் பார்ப்பவர்களின் பக்கம் நிற்கிறது.

இசையைக் கொண்டு சாதியை எதிர்ப்பது இந்தியாவில் இக்குழுவோடு தொடங்கியதல்ல. மராட்டியத்தில் வாமன்தாதா கர்டக் போன்ற பாடகர்கள் அம்பேத்கரைப் பற்றி ஆயிரக்கணக்கான பாடல்களை ஊர் ஊராகப் பாடினர். கபீர் கலா மஞ்ச் அந்த மரபின் பிற்காலக் கிளை. பஞ்சாபில் கின்னி மாஹி பாப் இசையில் அதே வேலையைச் செய்தார். தமிழகத்திலும் தலித் அரங்க மரபும் பறையாட்டக் குழுக்களும் முன்பே இருந்தன. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் செய்தது, ராக் கச்சேரிக்கான ஒலிபெருக்கி, ஒளியமைப்பு, பயிற்சி ஆகியவற்றோடு அந்தக் குரலை மேடையேற்றியது. தரமான ஏற்பாடு என்பது வசதி படைத்தவர்களின் கலைக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை அது அசைத்தது.

ஐயப்பன் பாடல்

குழுவின் பாடல்களில் அதிகச் சர்ச்சைக்கு உள்ளானது இசைவாணி பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா'. கோயில் நுழைவில் பெண்களுக்கு விதிக்கப்படும் தடையைக் கேள்வி கேட்கும் பாடல் இது. சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களும் நுழையலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 28 அன்று தீர்ப்பளித்தது. கேரளத்தில் அதற்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி நடந்தது. அந்தச் சூழலில் இப்பாடல் கவனம் பெற்றது.

சில ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், சபரிமலைக்கு மாலை போடும் பருவத்தில் அந்தப் பழைய காட்சிப்பதிவு மீண்டும் சமூக ஊடகங்களில் பரப்பப்பட்டது. பாடல் பக்தர்களைப் புண்படுத்துகிறது என்று காவல்துறையில் புகார்கள் கொடுக்கப்பட்டன. இசைவாணிக்கு ஆபாசமான வசைகளும் மிரட்டல்களும் வந்தன. பாடலை எழுதியவர்கள், இசையமைத்தவர்கள், மேடை தந்தவர்கள் என்று பலர் இருக்க, வசை பெரும்பாலும் பாடிய பெண்ணின் மேல் விழுந்தது. நீலம் பண்பாட்டு மையம் பாடலின் நோக்கத்தை விளக்கி, அவருக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டது.

பதிவுகள்

இக்குழு அடிப்படையில் மேடைக்குழு. பாடல்கள் தனித்தனியாக, பெரும்பாலும் காட்சிப்பதிவுகளாக, யூடியூப் வழியாகவே மக்களைச் சென்றடைந்தன. பிறகு இசைச் செயலிகளிலும் கிடைத்தன. ஒலிநாடா, குறுந்தகடு, கடை என்ற பழைய வரிசை இக்குழுவுக்குத் தேவைப்படவில்லை. கானாவின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். எத்தனையோ நல்ல கானாக்கள் பாடிய இரவோடு போய்விட்டன. பதிவானவை பல, மலிவான ஒலிநாடாக்களில் பாடகர் பெயர்கூடத் தெளிவில்லாமல் சுற்றின. இங்கே பாடகர், எழுதியவர், வாசித்தவர் என்று எல்லோர் பெயரும் பாடலோடு சேர்ந்து போகிறது.

ஆனாலும் பதிவில் கேட்பதற்கும் நேரில் கேட்பதற்கும் உள்ள தூரம் இக்குழுவில் பெரிது. மேடையில் கூட்டம் எதிர்ப்பாட்டுப் பாடுவதும், பாடகர்கள் ஒருவரை ஒருவர் சீண்டுவதும், தாளம் திட்டமிடாமல் நீள்வதும் பதிவில் கிடைப்பதில்லை.

எண்ணூரும் பழவேற்காடும்

வட சென்னையின் கடற்கரை இராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று வடக்கே நீண்டு, காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காட்டில் முடிகிறது. நகரின் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், எண்ணெய் ஆலை எல்லாம் இந்தப் பக்கத்தில்தான். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறுவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 2017 ஜனவரியில், டென்மாவின் குரங்கன் கூட்டாளியான கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' இந்த நிலத்தைப் பற்றி வெளிவந்தது. கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா அதை ஆனந்தபைரவி, பேகடா முதலிய இராகங்களின் மாலையாகப் பாடினார். ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைத்தார். எண்ணூர் முகத்துவாரத்தில், சாம்பல் படிந்த கொசஸ்தலையாற்றின் கரையில் கலைஞர்கள் அமர்ந்து பாடுவதாகக் காட்சி அமைக்கப்பட்டது.

புறம்போக்கு என்பது வரி விதிக்கப்படாத பொதுநிலம்: ஏரி, ஆற்றங்கரை, மேய்ச்சல் வெளி, கடற்கரை. அந்தச் சொல் எப்படி வசைச்சொல் ஆனது என்பதே பாடலின் கேள்வி. அயோத்திதாசர் பெயர்களைத் திருத்தியதும், கானாக்காரர்கள் தங்கள் மொழியைத் திருத்த மறுத்ததும் இதே கேள்வியின் வேறு முகங்கள்தான். எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடு ஏரியும் பக்கிங்காம் கால்வாயால் இணைக்கப்பட்டவை. தோணிரேவு போன்ற ஏரிக்கரை மீனவச் சிற்றூர்களில் இறால், நண்டு, மடவை பிடித்து வாழ்பவர்களுக்கு, எண்ணூரில் ஆற்றில் கொட்டப்படும் சாம்பலும் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கமும் வேறு ஊர்ச் செய்தி அல்ல. இரண்டு பாடல் முயற்சிகளும் ஒரே நகரத்தில், ஓராண்டு இடைவெளியில், ஒரே நண்பர் வட்டத்தின் ஓரங்களிலிருந்து வந்தன. ஒன்றில் சபா மேடையின் கலைஞர் ஆற்றங்கரைக்குப் போகிறார். மற்றதில் அக்கரையில் வாழ்பவர்கள் தாங்களே மேடைக்கு வருகிறார்கள்.

மார்கழியில் மக்களிசை

முதல் நிகழ்ச்சிக்குப் பின் நீலம் பண்பாட்டு மையம் 2018 டிசம்பரில் 'வானம்' கலைத் திருவிழாவை நடத்தியது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி என்றால் சபா, சபா என்றால் கர்நாடக இசை என்ற சென்னையின் சமன்பாடு 1927ல் நடந்த காங்கிரஸ் மாநாட்டையும் அதை அடுத்து 1928ல் நிறுவப்பட்ட மியூசிக் அகாதமியையும் ஒட்டி உருவானது. அந்த மாதத்திலேயே ஒப்பாரி, பறை, கானா, கூத்துப்பாட்டு, ராப் ஆகியவற்றுக்கு மேடை தருவது புதிய விழாவின் நோக்கம். அடுத்த ஆண்டே மதுரைக்கும் கோவைக்கும் அது விரிந்தது. காஸ்ட்லெஸ் கலெக்டிவின் 19 பேருக்குக் கிடைத்த ஏற்பாடு, குழுவுக்கு வெளியே இருந்த நூற்றுக்கணக்கான கலைஞர்களுக்கு இவ்விழாவில் கிடைத்தது.

உறுப்பினர்களின் தனிப்பாதைகள்

ரஞ்சித் தயாரிப்பில், அதியன் ஆதிரை இயக்கத்தில் 2019ல் வெளிவந்த 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' படத்துக்கு டென்மா இசையமைத்தார். 2022ல் ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கும் அவரே இசை. இசைவாணி 2021ல் பிக் பாஸ் தமிழ் ஐந்தாம் பருவத்தில் பங்கேற்றார்.

அறிவு 'காலா' (2018) படத்திலேயே பாடலாசிரியராக அறிமுகமாகியிருந்தார். 2019ல் இசைத் தயாரிப்பாளர் ஒஃப்ரோவுடன் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச் மாதம், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் பாடகி தீயுடன் அவர் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் கதையிலிருந்து அவர் எழுதிய பாடல் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அப்பாடலை ஒட்டி அறிவின் படம் இடம்பெறாதது கண்டனத்துக்கு உள்ளானது. 2022 ஜூலையில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாடலைப் பாடியபோது, அறிவு மேடையில் இல்லை. பாடலை உருவாக்கியதில் தம் பங்கைப் பற்றி அவர் வெளியிட்ட குறிப்புக்குச் சந்தோஷ் நாராயணன் தம் தரப்பு விளக்கத்தைத் தந்தார். 2024 மார்ச்சில், அப்பாடலிலிருந்து தங்கள் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார்.